மேஜைக்குக் கீழே குளிர்

ஸ்ரீ:

லட்சுமிபுரம், மைசூர்
மார்கழி, வெள்ளிக்கிழமை காலை

என் அன்புத் தங்கை சௌபாக்கியவதி ஆண்டாளுக்கு,

அக்கா ரங்கம்மாவின் ஆசீர்வாதங்கள். தில்லியில் நீயும் உன் அகத்துக்காரரும் சௌக்கியமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். அவருடைய இருமல் தேவலையா? நான் இங்கே சௌக்கியம் என்று எழுதிய பிறகுதான் மற்றதை எழுத வேண்டும் என்று அப்பா நம்மைப் பழக்கினார். அதனால் எழுதிவிட்டேன். அது உண்மையல்ல என்பதையும் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

போன் செய்யாமல் ஏன் கடிதம் என்று யோசிப்பாய். போனை நேற்றுக் காலையிலிருந்து அணைத்து, அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். அணைத்த பிறகும் அது கண்ணில் படக் கூடாது என்று இருக்கிறது. அதோடு, நீ போனை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு தோசை வார்க்கிறவள். நான் சொல்லப்போவது உன் அடுக்களையில் ஒலிக்கத்தக்க விஷயமல்ல. குறிப்பாக என் பிள்ளை வாசுதேவின் காதுக்குப் போகவே கூடாது. அவன் ‘சித்தி’ என்று கொஞ்சம் இழைந்து கூப்பிட்டால் நீ எல்லாவற்றையும் கொட்டிவிடுவாய். இந்த ஒரு தடவை வாயைக் கட்டு.

என் அகத்துக்காரர், உன் அத்திம்பேர், காலமானதிலிருந்து வாசுதேவ் என்னை எப்படித் தொந்தரவு செய்கிறான் என்று உனக்குத் தெரியும். வீட்டைப் பூட்டிவிட்டுப் பெங்களூருக்கு வந்துவிடு என்பதுதான் பேச்சு. பதினான்காவது மாடியில் எனக்கென்று ஒரு அறையை வர்ணம் அடித்து வைத்திருக்கிறானாம். அந்த அறையின் ஜன்னலைத் திறக்கக் கூடாதாம். முழங்கால் நன்றாக இருக்கிறது என்று சொன்னால், நன்றாக இருக்கும்போதே வா என்பான். வலிக்கிறது என்றால், அதற்காகத்தான் வா என்பான். எதைச் சொல்லியும் தப்பிக்க முடியாமல் இருந்த எனக்கு இந்த வேலை கிடைத்த பிறகுதான் ஒரு பதில் கிடைத்தது. ‘எனக்கு வகுப்பு இருக்கிறது, வர முடியாது’ என்றேன். அடுத்த நிமிஷம், “சரிம்மா, நீ வேலையப் பாரு” என்று போனை வைத்துவிட்டான். இந்தக் காலத்துப் பிள்ளைகள் அம்மாவின் உடம்பையோ மனசையோ காரணமாக ஏற்றுக்கொள்வதில்லை; ஆபீஸ் என்றால் அடங்கிவிடுகிறார்கள். அந்த ஆபீஸ்தான் நேற்றுப் போய்விட்டது என்று நினைக்கிறேன். ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது. மேலே நீட்டிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டிய மனிதர் என்னை நேற்று எந்தக் கோலத்தில் பார்த்தார் என்பதை எழுதத்தான் பேனாவை எடுத்தேன். கை முன்னால் போக மாட்டேன் என்கிறது.

முதலிலிருந்து சொல்கிறேன். எனக்கு வேலை கொடுத்த பெங்களூர் நிறுவனம், நேர்காணலுக்குப் போகிறவர்களுக்கு லேப்டாப் வழியாக இங்கிலீஷ் பேசக் கற்றுக்கொடுக்கிறது. நஞ்சன்கூட்டில் தொழிற்சாலைக்குப் போகும் பையன்களும், குண்டலுபேட்டை, ஹனூர் பக்கத்துப் பெண்களும் என் வகுப்பில் இருக்கிறார்கள். எல்லோரும் வேலைக்குப் பஸ் பிடிப்பதற்கு முன் படிக்க வேண்டுமென்பதால் விடியற்காலை ஆறு மணிக்கு வகுப்பு. மேகனா என்ற சின்னப் பெண்தான் எனக்கு மேலதிகாரி. மாடியில் குடியிருக்கும் வினிதாவின் லேப்டாப்பில்தான் அவள் எனக்குப் பயிற்சி கொடுத்தாள். வினிதாவும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவள். ஆனால் அவள் கம்பளிக்குள்ளிருந்து கையை மட்டும் நீட்டி வேலை பார்க்கிற ரகம். அப்புறம் வாசுதேவ் தன் பழைய லேப்டாப்பைக் கொடுத்தான். நான் விஜயதசமியன்று நல்ல வேளை பார்த்து வகுப்பைத் தொடங்கினேன். முந்தின நாள் ஆயுத பூஜைக்கு மிக்ஸி, தையல் மெஷின், இஸ்திரிப் பெட்டியோடு அதையும் வரிசையில் வைத்தேன். குங்குமத்தைக் குழைத்து வைத்தால் உள்ளே வழிந்துவிடும் என்று என்னுடைய அட்டையிலிருந்தே ஒரு ஸ்டிக்கர் பொட்டை எடுத்து, மேலே நெற்றி நடுவில், கோணாமல் ஒட்டினேன். அத்திம்பேர் போன பிறகும் நான் பொட்டை விடவில்லை. எனக்குச் சம்பாதித்துக் கொடுக்கிற இயந்திரம் மட்டும் ஏன் மூளியாக இருக்க வேண்டும்?

மேகனா ஆரம்பத்திலேயே கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்: காமிராவை எப்போதும் போட்டிருக்க வேண்டும், ஆபீசுக்குப் போகிறவர்கள் போல உடுத்தி உட்கார வேண்டும். கான்வென்டில் பாவாடை மடிப்பை ஸ்கேல் வைத்து அளந்து வளர்த்த என்னிடம் இதைச் சொல்லத் தேவையே இல்லை. கார்த்திகை பிறக்கும் வரை ஒரு பிரச்சினையும் இல்லை. அதற்குப் பிறகு குளிர் வந்தது.

நீ சிரிப்பாய் என்று தெரியும். தில்லியில் இருந்துகொண்டு மைசூர்க் குளிரெல்லாம் ஒரு குளிரா என்பாய். உங்கள் ஊரில் குளிர் என்றால் ஹீட்டர் உண்டு, ரஜாய்ப் போர்வை உண்டு, பள்ளிக்கூடத்துக்கு லீவுகூட உண்டு. எங்கள் ஊரில் குளிர் கிடையாது என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டதால் ஒருவர் வீட்டிலும் அதற்கு ஏற்பாடு கிடையாது. ஓட்டுக்கூரை, சிவப்புத் தரை. விடியற்காலையில் அந்தத் தரையில் காலை வைத்தால் வலி நேரே பல்லுக்குப் போகிறது.

இதில் புடைவை கட்டுகிறவளின் கஷ்டம் சல்வார் போடும் உனக்குப் புரியாது. ஸ்வெட்டரைப் புடைவைக்கு மேலே போடுவதா, தலைப்பை ஸ்வெட்டருக்கு மேலே போடுவதா? மேலே ஸ்வெட்டர் போட்டால் இஸ்திரி போட்ட புடைவை முழுக்க மறைந்து, பார்க்கில் வாக்கிங் போகிறவள் மாதிரி இருக்கிறது. தலைப்பை மேலே போட்டால் தலைகாணிக்கு உறை மாட்டின மாதிரி இருக்கிறது. சால்வை போர்த்தலாமென்றால், பாட மும்முரத்தில் கையைத் தூக்கும்போதெல்லாம் நழுவுகிறது. கடைசியில் நீ அனுப்பிய தெர்மல் பனியனை உள்ளே போட்டுக்கொண்டேன். அதற்கு மேல் ரவிக்கையின் ஊக்குகள் சேரவில்லை. டெய்லரைக் கூப்பிட்டு அத்திம்பேரின் சாம்பல் கோட்டைப் பிரித்து, கழுத்து மூடின முழுக்கை ரவிக்கை ஒன்று தைத்துக்கொண்டேன். நன்றாகவே அமைந்தது. அதே பார்சலில் நீ அனுப்பிய கிளிப்பச்சைக் கோட்டை மட்டும் நான் தொடவில்லை. தசராவில் அம்பாரி யானைக்குப் போர்த்த வேண்டிய நிறம் அது, ஆண்டாள். கணுக்கால் வரை அவ்வளவு நீளம் வேறு. மேஜைக்குக் கீழே யார் வந்து பார்க்கப் போகிறார்கள் என்று அதைத் தைத்தவன் அவ்வளவு துணியை வீணடித்திருக்கிறான்? கம்பளிக்கு மடி ஆசாரம் பார்க்க வேண்டாம் என்பாள் அம்மா. அதற்காகவாவது மார்கழி பூஜைக்குப் போட்டுக்கொள்ளலாமென்று உள்ளே தைத்த சீட்டைப் பார்த்தால் முழுக்க அக்ரிலிக், ஒரு இழைகூடக் கம்பளி இல்லை. பெருமாளுக்கும் ஆகாது, ஆபீசுக்கும் ஆகாது.

இடுப்புக்கு மேலே இப்படியாக ஒழுங்கு வந்துவிட்டது. ஆனால் குளிர் கீழே இருந்து வருகிறது. புடைவை என்பது கீழே திறந்த கூண்டு. மேஜைக்கு அடியில் உட்கார்ந்தால் காற்று நேரே ஏறுகிறது. உள்ளே அத்திம்பேரின் பிளானல் பைஜாமாவைப் போட்டுக்கொண்டேன். நீலக் கோடு போட்டதே, அதுதான். அதன் கனத்தில் கொசுவம் நிற்கவில்லை, பாதி வகுப்பில் சரிந்தது. அப்புறம்தான் ஒரு நாள் மனசைக் கல்லாக்கிக்கொண்டு கொசுவத்தையே விட்டுவிட்டேன். தலைப்பை மட்டும் ஒழுங்காக மடித்துத் தோளில் பின் குத்திக்கொண்டு, மீதிப் புடைவையைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொள்வது. கீழே பைஜாமா, காலில் அவருடைய புட்பால் காலுறை, மடியில் துண்டால் கட்டிய வெந்நீர்ப் பை. வீட்டு வேலைக்கு வரும் சித்தம்மா இந்தக் கோலத்தை முதல் தடவை பார்த்தபோது வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். அவள் ஹனூர்ப் பக்கம். மனசில் பட்டதைச் சொல்லாமல் துடைப்பத்தை எடுக்க மாட்டாள்.

“ஏனுங்கம்மா, மேல பாத்தா கலியாணத்துக்குக் கெளம்புனாப்பல இருக்கறீங்க. கீழ பாத்தா ஆஸ்பத்திரியில இருந்து தப்பிச்சு வந்தாப்பல இருக்குதுங்க.”

போய் வேலையைப் பார் என்றேன். ஆனால் அன்றைக்கு வகுப்பு முழுக்க எனக்குக் கால் கூசியது. இருந்தாலும் மேகனா என் உடையைப் பற்றி இதுவரை ஒரு குறை சொன்னதில்லை என்பதே எனக்குத் தைரியம். மற்ற ஆசிரியர்களை விடமாட்டாள். பவன் என்று ஒரு பையன், அவனிடம் சட்டை கசங்கியிருக்கிறது, பின்னால் துணி காய்கிறது என்று எப்போதும் ஏதாவது சொல்லிக்கொண்டே இருப்பாள். என்னிடம் ஒரு சொல் கிடையாது. மாணவர்களும் என் புடைவையைப் பற்றி வாய் திறந்ததில்லை. அதை நல்ல வளர்ப்பு என்று எடுத்துக்கொண்டேன். திரையில் எல்லோருடைய கட்டத்திலும் முகம் தெரியும். என் கட்டத்தில் எனக்கு என் பெயர் மட்டும்தான் தெரியும். ஆசிரியை தன்னைத் தானே பார்த்துக்கொண்டு உட்காரக் கூடாது என்று வைத்திருக்கிறார்கள் போலும் என்று மகிழ்ந்தேன். நம் கான்வென்டிலும் கண்ணாடி கிடையாதே.

இனி நேற்று நடந்தது. நேற்றுப் பாடமே நேர்காணலுக்கு எப்படி உடுத்துவது என்பது. என் நாக்கில் சனி. மேஜைக்கு மேலே மட்டும் நன்றாக உடுத்தி வருகிறவன் பாதிப் பொய் சொல்கிறான், செருப்பு வரை ஒழுங்காக இருந்தால்தான் அவன் பேச்சை நம்பலாம் என்று இங்கிலீஷில் அழுத்தம் திருத்தமாகச் சொல்லி, எல்லோரையும் திருப்பிச் சொல்லவும் வைத்தேன். அவர்கள் சொல்லி முடிப்பதற்குள் மேகனா திடீரென்று வந்து, வருஷக் கடைசி ஆய்வுக்காக டைரக்டர் விஜய்குமார் வகுப்பைப் பார்க்க வருகிறார், மற்ற ஆசிரியர்களும் சேர்ந்துகொள்வார்கள் என்றாள். நிமிர்ந்து உட்கார்ந்து, தலைப்பைச் சரிசெய்துகொண்டேன். திரையில் கோட்டு, டை, நரைத்த தலை. மேகனா, “குட் மார்னிங் சார்” என்றாள்.

ஆண்டாள், நீயும் அதே கான்வென்டில் படித்தவள், நீயே சொல். மதர் வகுப்புக்குள் நுழைந்தால் நாம் என்ன செய்வோம்? யோசித்தா செய்வோம்? முழங்கால் தானாக நிமிர்ந்துவிடும் இல்லையா? எத்தனை வருஷம் ஆனால் என்ன, அந்தக் ‘குட் மார்னிங்’ காதில் விழுந்ததும் நான் எழுந்து நின்றுவிட்டேன். விறைப்பாக நின்று, அந்தக் காலத்து ராகத்தோடு, “குட்...மார்...னிங்...சார்” என்று இழுத்து முடித்த பிறகுதான் நான் எங்கே இருக்கிறேன், எப்படி இருக்கிறேன் என்று உறைத்தது. அதற்குள் நாற்காலி பின்னால் தடாரென்று சாய்ந்தது. வெந்நீர்ப் பை மடியிலிருந்து விழுந்து, மூடி கழன்று, சுடுதண்ணீர் காலுறையில் பாய்ந்தது. நான் ‘பெருமாளே’ என்று குதித்தேன். குதித்ததில் இடுப்பில் செருகியிருந்த புடைவைச் சுருட்டு அவிழ்ந்து தரையில் கிடந்தது. நீலக் கோட்டுப் பைஜாமாவோடு, வாசுதேவ் கொடுத்த இயந்திரத்துக்கு எதிரே, இத்தனை பேர் முன்னால் நான் நின்றேன்.

திரையில் ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். பவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தான், தோள் குலுங்கினதை நான் பார்த்தேன். டைரக்டர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, திரைக்குக் கிட்டே வந்து உற்றுப் பார்த்தார். நான் லேப்டாப்பைப் படாரென்று மூடி, மேலே பூஜை அறைக் கம்பளியைப் போட்டு மூடிவிட்டேன். காலில் சின்னக் கொப்புளம்தான், பயப்படாதே. உடனே போன் அடித்தது. மேகனா. திரும்பத் திரும்ப அடித்தாள். அதற்குப் பிறகுதான் போன் அரிசி டப்பாவுக்குப் பின்னால் போயிற்று.

நேற்றெல்லாம் சாதம் இறங்கவில்லை. தூங்கவும் இல்லை. பாதிப் பொய் என்று நான் சொல்லிக்கொடுத்ததை அந்தக் குழந்தைகள் ஒரே குரலில் திருப்பிச் சொன்னது காதிலேயே இருக்கிறது. இனி எந்த முகத்தோடு அவர்களுக்கு எதிரே உட்காருவது? அவர்களாக நீக்குவதற்கு முன் நானாக விலகுவதுதான் கௌரவம் என்று ராஜினாமா எழுதி வைத்திருக்கிறேன். ஒரு கமா கூடத் தப்பு இல்லை. அனுப்பின பிறகு வாசுதேவ் கேட்டால் எனக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது. பொங்கலுக்குள் அந்தப் பதினான்காவது மாடியில், திறக்காத ஜன்னலுக்கு உள்ளே என்னை உட்கார்த்திவிடுவான். மாட்டுப்பெண் நல்லவள்தான், அன்பாகத்தான் வைத்துக்கொள்வாள். அதுதான் எனக்குப் பயம். காலையில் யாரும் என்னை எதற்கும் எதிர்பார்க்காத ஒரு வீட்டில் அன்பாக வைத்துக்கொண்டால் நான் என்ன செய்வேன், சொல்லு. இங்கே இருட்டில் எழுந்தால், இருபது பேர் தலையை வாரிக்கொண்டு எனக்காகக் காத்திருக்கிறார்கள் என்று இருந்தது.

கிளிப்பச்சைக் கோட்டை இந்தக் கடிதத்தோடு திருப்பி அனுப்புகிறேன். கோபம் வேண்டாம். தில்லியில் யாராவது போட்டுக்கொள்ளட்டும், எனக்கு இனி ஆபீஸ் உடை தேவைப்படாது. தெர்மலை வைத்துக்கொள்கிறேன், பெங்களூரிலும் குளிரும் என்கிறார்கள். இந்தக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துப்போடு. கிழிப்பதற்கு முன் உன் அகத்துக்காரருக்குப் படித்துக் காட்டாதே. குழந்தைகள் எல்லோருக்கும் என் ஆசீர்வாதம். அவர் இருமலுக்குச் சித்தரத்தைக் கஷாயம் கொடு. பெருமாள் உங்களையெல்லாம் குளிரிலிருந்தும், டைரக்டர்களிடமிருந்தும் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா,
ரங்கம்மா

பி.கு.: கவரை ஒட்டி, பார்சலுக்குக் கயிறும் கட்டியாகிவிட்டது. கூரியர்காரன் வருவதற்குள் மாடியிலிருந்து வினிதா இறங்கி வந்தாள். நான் போன் எடுக்கவில்லை என்று மேகனா அவளைப் பிடித்திருக்கிறாள். “ஏன் ஆண்டி, உயிரோட இருக்கேன்னு ஒரு மெசேஜ் போடக் கூடாதா? அங்க எல்லாரும் பயந்து போய் இருக்கா” என்று சொல்லிக்கொண்டே, நான் தடுப்பதற்குள் கம்பளியை எடுத்து லேப்டாப்பைத் திறந்து என்னமோ அழுத்தினாள். திரையில் மேகனாவும் டைரக்டரும். நான் பக்கவாட்டில் ஒதுங்கிக்கொண்டேன். வினிதா திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடியும் திரையைப் பார்த்தாள்.

“ஆண்டி, காமிரா மேல பொட்டு ஒட்டியிருக்கு.”

ஆயுத பூஜைக்கு வைத்தது, தொடாதே என்றேன். இடையில் ஒரு தடவை உதிர்ந்து, புதிதாக வேறு வைத்தேன் என்றும் சொன்னேன். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து, சிரிப்பும் அழுகையுமாக, “ஆண்டி, விஜயதசமியிலேர்ந்து உங்கள ஒருத்தர்கூடப் பாத்ததில்ல” என்றாள்.

மேகனாவும் அதைத்தான் சொன்னாள். காமிரா போட்டிருப்பதாகக் காட்டும், ஆனால் ஒரே இருட்டு. வயதானவர், முகம் காட்டக் கூச்சப்படுகிறார் போலிருக்கிறது என்று கேட்காமல் விட்டுவிட்டாளாம். குரலைக் கேட்டே எல்லோரும் நிமிர்ந்து உட்காருகிறார்களாம், அது போதும் என்று இருந்துவிட்டாளாம். நேற்று அவர்கள் கண்டது ஒன்றுமில்லை. நாற்காலி விழுந்த சத்தமும் ‘பெருமாளே’யும் மட்டும் கேட்டிருக்கிறது. நான் கீழே விழுந்து எலும்பு முறிந்துவிட்டது என்று வகுப்பு முழுக்க வேலைக்குக்கூடப் போகாமல் உட்கார்ந்திருந்ததாம். பவன் சிரித்தது என்னுடைய ‘குட் மார்னிங்’ ராகத்துக்கு. மன்னிப்புக் கேட்டு எழுதியிருக்கிறான். இந்த ரவிக்கை, பின், இஸ்திரி, தலைப்பா ஸ்வெட்டரா என்ற கவலை எல்லாவற்றையும் நான் ஒரு பொட்டுக்குப் பின்னால் இருட்டில் பட்டிருக்கிறேன்.

நிம்மதியாக நாற்காலியில் வந்து உட்கார்ந்தேன்; உட்கார்ந்ததுமே வினிதா எழுந்து நகத்தால் பொட்டைப் பிய்த்துவிட்டாள். முதல் தடவையாகத் திரையில் என்னைப் பார்த்தேன். தலையில் குரங்குக் குல்லா, மேலே இரண்டு ஸ்வெட்டர், மேஜைக்குக் கீழே அதே பைஜாமா. டைரக்டர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, “குட் மார்னிங், மேடம்” என்றார்.

நான் என்ன செய்தேன் என்று உனக்குத் தெரியும். நாற்காலியை இந்தத் தடவை வினிதா பிடித்துக்கொண்டாள்.

அவர் சிரிக்கவில்லை, ஆண்டாள். நம் மதர் சொல்கிற அதே மாதிரி, உட்காருங்கள் என்றார். உட்கார்ந்தேன். அடுத்த வருஷமும் நான்தான் அந்த வகுப்புக்கு. ஒரே ஒரு நிபந்தனை, திங்கட்கிழமையிலிருந்து முகம் தெரிய வேண்டும். பொட்டை எறிய மனசு வராமல் லேப்டாப் மூடியின் முதுகில் ஒட்டிவிட்டேன். ராஜினாமாவை அடுப்பில் போட்டாயிற்று. கடிதத்தைக் கிழிக்கும் முன் வாசுதேவைக் கூப்பிட்டு, அம்மாவுக்கு அடுத்த வருஷமும் வேலை இருக்கிறது என்று மட்டும் நீயே சொல்லிவிடு. நயமாகக் கேட்டாலும் அதற்கு மேல் சொல்லாதே.

கவரையும் பார்சலையும் பிரித்துவிட்டேன். கிளிப்பச்சையைப் போட்டுக்கொண்டு நிலைக்கண்ணாடி முன் நின்றேன். நிறம் நிறம்தான், அதில் மாற்றமில்லை. ஆனால் கணுக்கால் வரை வருகிறது. எழுந்து நின்றாலும் பாதகமில்லை.